மரம் கலைக்க எடைகுறைந்த செயின்சாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி: காவிரிப் படுகைத் தோப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

தேக்குத் தோப்பில் மரம் கலைப்பதற்காகச் செயின்சா வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடையில் தொடங்கித் தோப்பில் முடிக்கிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். தோப்பில் அளவெடுத்து, வீட்டில் கணக்குப் போட்டு, அதன் பிறகே கடைப்படி ஏற வேண்டும். அப்படிச் செய்யாதவர்கள் 58 சிசி, 22 அங்குலம் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதை வாங்கி வந்து, முற்பகலிலேயே தோள் சோர்ந்து, கத்திக்கும் கோடரிக்கும் திரும்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எள்ளையும் பருத்தியையும் கலைத்து விடுவதைப் போலவே, நெருக்கமாக நட்ட மரங்களில் சிலவற்றை எடுத்து மற்றவை பருக்க இடம் விடும் வேலை இது. வெட்டப்படுபவை சிறிய மரங்கள். ஆனால் எண்ணிக்கை அதிகம். இந்த இரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால் கீழே உள்ள ஒவ்வொரு படியின் காரணமும் விளங்கும்.

1. வெட்டப்போகும் மரங்களைக் குறித்து, சுற்றளவை எழுதுங்கள்

தையல் நாடா ஒன்றும், சுண்ணாம்புக் கரைசலும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்ட தேக்கு என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஆயிரம் மரங்கள் நிற்கும். முதல் கலைப்பில் ஒன்றுவிட்டு ஒரு மூலைவிட்ட வரிசையை நீக்குவது வழக்கம். அப்படிச் செய்தால் பாதி மரங்கள் போய்விடும். அடுத்த கலைப்புகளில் கோணல் மரம், கவை விழுந்த மரம், வெயில் எட்டாமல் அமுங்கிப்போன மரம் என்று பார்த்துப் பொறுக்க வேண்டும்.

குறித்த மரங்களில் ஒவ்வொரு பத்தாவது மரத்தையும் அளந்தால் போதும். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 50 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 16 சென்டிமீட்டர். அதாவது ஆறேகால் அங்குலம். இந்தச் சிறிய எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு 22 அங்குல வாளின் மேல் யாருக்கும் ஆசை வராது.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. மர வியாபாரி நெஞ்சளவில் அளப்பதைப் பார்த்துத் தாங்களும் அங்கேயே அளக்கிறார்கள். வாள் ஓடப்போவதோ தரையை ஒட்டி, அடிமரம் விரிந்திருக்கும் இடத்தில். ஆகவே வெட்டும் உயரத்தில் ஓர் அளவு, நெஞ்சுயரத்தில் ஓர் அளவு என இரண்டையும் எழுதுங்கள். முதலாவது வாளைத் தேர்வு செய்ய. இரண்டாவது மரத்தை விற்க.

அளக்கும்போதே மற்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: மின்கம்பிக்கு அருகில் நிற்கும் மரம், பழைய வேலிக்கம்பியோ ஆணியோ உள்ளே புதைந்த மரம், உங்கள் பட்டாவில் இல்லாமல் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நிற்கும் மரம். முதலாவதற்கு மின்வாரியத்தை அழைக்க வேண்டும். இரண்டாவது ஒரே நொடியில் செயினைப் பாழாக்கும். மூன்றாவது உங்களுடையது அன்று. தேக்கை வெட்டிக் கொண்டுசெல்ல என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

2. வேலை எத்தனை நாள் என்று கணக்கிட்டு, வாங்குவதா வாடகையா என முடிவு செய்யுங்கள்

மேட்டூர் அணை வழக்கப்படி சூன் 12இல் திறந்து சனவரி 28இல் மூடப்படுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வற்றி, சம்பா அறுவடை முடிந்து, மண் இறுகி டிராக்டர் இறங்கும் நிலை வருவது மாசி முதல் வைகாசி வரையில்தான். தேக்கும் அப்போது இலை உதிர்த்து நிற்பதால், மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். ஆகவே உங்கள் வாளுக்கு ஆண்டில் நான்கு மாதமே வேலை. எட்டு மாதம் ஈரக்காற்றில் சும்மா கிடக்கும். இந்த ஒரு செய்தி பின்னால் பல முடிவுகளை மாற்றும்.

ஒரு சிறிய தேக்கை வெட்டச் சில நொடிகளே ஆகும். ஆனால் வீழ்த்தி, கிளை கழித்து, துண்டு போட்டு, ஓரமாக இழுத்துப் போட எங்களுக்கு மரத்துக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகிறது. நூறு மரம் என்றால் இருவருக்கு மூன்று நாள் வேலை. நூறு மரங்களோடு முடிந்துவிடும் என்றால், வாளோடு வரும் ஆளை நாள்கூலிக்கு அமர்த்துவதே மலிவு. ஆண்டுதோறும் தேக்கு, சவுக்கு, மலைவேம்பு, மூங்கில் என்று ஏதாவது ஒரு வேலை இருக்கிறவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

3. பெட்ரோலா, பேட்டரியா, மின்கம்பியா என்பதை முடிவு செய்யுங்கள்

மின்கம்பியில் ஓடும் வாள் விலையும் எடையும் குறைந்தது. வீட்டுக் கொல்லைக்குப் பொருந்தும். தோப்புக்குக் கொண்டு போக நூறு மீட்டர் ஒயரை இழுத்தால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். ஈரம் ஊறிய படுகை மண்ணில், வெட்டுகிற வாளுக்குப் பக்கத்திலேயே உயிர்மின்சாரம் ஓடும் ஒயரை இழுத்துச் செல்வதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கையளவு பேட்டரி வாள்கள், அதாவது ஆறு முதல் எட்டு அங்குலப் பாருடன் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடுதான் பார்) வருபவை, இப்போது எங்கும் கிடைக்கின்றன. கிளை கழிப்பதற்கு அவை நல்லவை. மரத்தை வீழ்த்துவதற்கு அல்ல. வாங்கினால் வோல்ட் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து லித்தியம் செல்களை வரிசையாக இணைத்தால் சராசரியாக 18 வோல்ட், முழுவதும் ஏறிய நிலையில் 21 வோல்ட். ஆகவே 18 என்றும் 21 என்றும் அச்சிட்ட இரண்டும் ஒன்றே. பெட்டியில் 48, 88 என்று போட்டிருந்தாலும் பேட்டரியைத் திருப்பி அதன் ஆம்பியர்-மணியைப் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி வருவதே உண்மையான கொள்ளளவு.

நாள் முழுவதும் தோப்பில் நிற்கும் வேலைக்கு, இன்றைய விலையில், சிறிய பெட்ரோல் வாளே சிக்கனமானது. பெரிய பேட்டரி வாள்கள் வேலையில் குறைந்தவை அல்ல; ஆனால் ஒரு நாள் வேலைக்குத் தேவையான இரண்டு மூன்று பேட்டரிகளின் விலையைச் சேர்த்தால் சிக்கனம் என்ற சொல்லுக்கு இடமில்லை.

4. எடையை நீங்களே நிறுத்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்தும் படி இதுதான். விளம்பரத்தில் தரும் எடை பெரும்பாலும் என்ஜின் பகுதியின் எடை மட்டுமே. பார், செயின், பெட்ரோல், செயின் ஆயில் ஆகியவை அதில் அடங்கா.

ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 170ஐ எடுத்துக்கொள்வோம். 30.1 சிசி உள்ள இதன் என்ஜின் பகுதி நான்கு கிலோவுக்குச் சற்று மேல். பதினான்கு அங்குலப் பாரும் செயினும் அரைக் கிலோவுக்குக் குறையாது. தொட்டிகளை நிரப்பினால் இன்னும் 300 கிராமுக்கு மேல் கூடும். ஆகக் கையில் தூக்குவது ஐந்து கிலோவை எட்டிவிடும். பெயரில்லாத 58 சிசி வாள்களை 22 அங்குலப் பாருடன், தொட்டி நிரப்பி நிறுத்தால் எட்டுக் கிலோவை நெருங்குகின்றன.

மூன்று கிலோ வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். கலைக்கும் வேலையில் வாளை ஒரே இடத்தில் ஊன்றி வெட்டுவதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து, நிமிர்ந்து, நடந்து, கிளைகளின் மேல் ஓட்டி, மீண்டும் குனிய வேண்டும். நீளமான பாரில் எடை முன்பக்கம் தொங்குவதால் இடது மணிக்கட்டே முதலில் தளரும். தளர்ந்த கையில் பார்முனை தாழ்ந்து மண்ணைத் தொடும், அல்லது பக்கத்து மரத்தில் படும். விபத்துகள் நண்பகலை ஒட்டி நேர்வதற்கு இதுவே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகையால் நெல் மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். பார், செயின் பூட்டிய நிலையில் நிறுத்து, தொட்டிக் கொள்ளளவைக் கேட்டு, லிட்டருக்கு முக்கால் கிலோ என்று பெட்ரோல் எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறு கிலோவுக்குள் இருக்க வேண்டும். பிறகு முன்கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வாள் ஏறக்குறையக் கிடைமட்டமாக நிற்க வேண்டும். மூக்கு சட்டென்று கீழே போனால் அந்த என்ஜினுக்கு அந்தப் பார் நீளம்.

எடை குறைவு என்பதற்காகவே பலர் இன்னொரு வலையில் விழுகிறார்கள். 25 சிசி அளவில், பின்கைப்பிடி இல்லாமல் மேல்கைப்பிடி மட்டும் உள்ள வாள்கள் மூன்று மூன்றரைக் கிலோவில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. அவை கயிறு கட்டி மரத்தின் மேல் ஏறி வேலை செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஒற்றைக் கையால் இயக்கும் ஆசையைத் தூண்டுவதாலும், பார் எகிறினால் தடுத்து நிறுத்தப் பிடிமானம் குறைவாக இருப்பதாலும், தரையில் நின்று வெட்டும் புதியவருக்கு அவை ஆபத்தானவை. முன்னும் பின்னும் கைப்பிடி உள்ளதையே வாங்குங்கள்.

5. சிசியைப் பார்க்காமல் கிலோவாட்டைப் பாருங்கள், பாரைச் சிறிதாக்குங்கள்

சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு. அது வலிமையின் அளவன்று. ஸ்டில் எம்எஸ் 180 என்பது 31.8 சிசி, ஹஸ்க்வர்ணாவின் 120 மார்க் 2 என்பது 38.2 சிசி. இரண்டின் வலிமையும் ஏறக்குறைய 1.4 கிலோவாட்தான். எடையில் மட்டும் பின்னது கூடுதல். பெட்டியில் சிசியைப் பெரிதாக அச்சிட்டு, கிலோவாட்டையே குறிப்பிடாத வாளை ஒதுக்கி வைப்பது நல்லது.

20 சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள மரங்களுக்கு 1.2 முதல் 1.5 கிலோவாட் வரை போதுமானது. பாரின் நீளம் மரத்தின் விட்டத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். ஆகவே 12 அல்லது 14 அங்குலம் சரியானது. எப்போதாவது ஒரு பெரிய வாகையோ தூங்குமூஞ்சியோ வந்தால், அந்த ஒரு மரத்துக்கு மட்டும் ஆள் அழைப்பதே அறிவுடைமை.

குட்டைப் பாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நெருக்கமான தோப்பில், வெட்டும் மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பார்முனை நீட்டிக்கொண்டிருந்தால், முனையின் மேற்பாதி அடுத்த மரத்தில் பட்டவுடன் வாள் முகத்தை நோக்கி எகிறும்.

6. செயினைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் அரத்தை அன்றே வாங்குங்கள்

எடைகுறைந்த வாள்களில் பெரும்பாலும் 3/8 லோ புரொஃபைல் என்ற செயின் இருக்கும். இதற்கு 4 மில்லிமீட்டர் வட்ட அரம். மலிவான 58 சிசி வாள்களில் .325 என்ற செயின்; அதற்கு 4.8 மில்லிமீட்டர் அரம். தவறான அரத்தைப் போட்டால் பல்லின் வளைவு கெட்டு, எத்தனை முறை தீட்டினாலும் வெட்டாது. செயினின் இடைவெளி, தடிமன், பாருக்குள் ஓடும் கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த செயின் வாங்கும்போது தவறு நேராது. பாரின் அடிப்பகுதியில் இந்த எண்கள் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும்.

நம் பகுதியில் இதற்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. வெள்ளம் ஏறி இறங்கிய படுகைகளில் அடிமரத்தின் பட்டை வெடிப்புகளுக்குள் வண்டல் அப்பிக்கிடக்கும். வேதாரண்யம், நாகைப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் அது மணலாக இருக்கும். அந்த மண்ணே செயினின் முதல் எதிரி. வெட்டும் இடத்தைச் சுற்றிலும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துவிட்டோ, கத்தியால் பட்டையைச் சீவிவிட்டோ வாளை வையுங்கள். அரை நிமிட வேலை இது. இதைச் செய்கிறவருடைய செயின் மற்றவருடையதைவிடப் பலமடங்கு நாள் உழைப்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

கூர் மழுங்கியதைச் செதில்கள் சொல்லும். கூரான செயின் சதுரமான செதில்களைத் தள்ளும். மழுங்கியது மாவுபோலத் தூளைத் தள்ளும். தூள் வந்தால் வாளை அழுத்தாதீர்கள், நிறுத்தித் தீட்டுங்கள். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு, பல்லில் பொறித்துள்ள சாய்வுக் கோட்டுக்கு இணையாக, உள்ளிருந்து வெளியாக, ஒரே திசையில். எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு வளைந்து போகும். வாளில் கோளாறு என்று கொண்டுவந்து காட்டப்பட்டவற்றில் பாதிக்கு மேல் மழுங்கிய செயின்தான்.

7. பிராண்டுக்கு முன் பழுது பார்க்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை ஆகியவற்றில் உங்களுக்கு எது அருகிலோ அங்கே செல்லுங்கள். இந்த மாடலுக்குச் செயின், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு), ஸ்டார்டர் கயிறு, கிளட்ச் ஆகியவை இன்று கைவசம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். “வரவழைத்துத் தருகிறேன், ஐயா” என்பது பதில் ஆனால் அடுத்த மாடலுக்குச் செல்லுங்கள். நான்கு மாதப் பருவத்தில் இரண்டு வாரம் காத்திருப்பது பெரும் இழப்பு.

பெயரில்லாத வாள் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவற்றின் உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் எல்லா ஊரிலும் கிடைக்கும். அது ஒரு வசதி. ஆனால் விலைக்கு ஏற்ற வாள் என்று அவற்றை வாங்கினால் எடையும் அதிர்வும் கூடவே வரும். விரல் மரத்துப் போகும் அளவு அதிர்கிற வாளை அரைமணி நேரத்துக்கு மேல் பிடிக்க முடியாது.

பழைய வாள் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் விழுந்த தென்னைகளை அறுக்க அவசரமாகப் பலர் வாள் வாங்கினார்கள். தென்னை நார் மண்ணோடு சேர்ந்து செயினையும் பாரையும் தேய்த்துவிடும். அப்படி உழைத்து ஓய்ந்த வாள் விலைக்கு வந்தால் பாரின் பள்ளத்தைப் பாருங்கள். விளிம்புகள் விரிந்து செயின் பக்கவாட்டில் ஆடினால் பார் மாற்ற வேண்டும். ஸ்டார்டர் கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் இலகுவாக வந்தால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது; விட்டுவிடுங்கள்.

8. பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

வாளுக்கு ஒரு பங்கு, உடம்புக்கு ஒரு பங்கு. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வாள் பிடிப்பதை நம் ஊர்களில் தினமும் காண்கிறோம். ஓடும் செயின் துணியைத் தொட்டால் இழுத்துச் சுற்றிக்கொள்ளும். செயின்சாவுக்கென்றே நெய்த, கால் முழுவதையும் மூடும் காலுறைகள் உண்டு. அவற்றின் நீண்ட இழைகள் செயினில் சிக்கி அதை நிறுத்திவிடும். முகவலையும் காதடைப்பும் சேர்ந்த தலைக்கவசம், பிடிப்புள்ள பூட்ஸ், கையுறை ஆகியவையும் வேண்டும். சிறிய பெட்ரோல் வாளின் ஒலியும் காதருகில் 100 டெசிபல் அளவை ஒட்டியது. காதடைப்பு இல்லாமல் நாள்கணக்கில் கேட்டால் செவி மீளாது.

மீதிக் கணக்கில் உபரிச் செயின் ஒன்று, வட்ட அரமும் அதன் தாங்கியும், செயின் ஆயில், நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில், இரண்டு பிளாஸ்டிக் ஆப்புகள், இருபது மீட்டர் கயிறு ஆகியவற்றை எழுதுங்கள். இவை எல்லாவற்றுக்கும் பணம் போதவில்லை என்றால், அடுத்த பருவம் வரை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். காலுறையை விட்டுவிட்டு வாளை மட்டும் வாங்காதீர்கள்.

9. கடையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்னரே சூடாக்கி வைத்த வாள் எதையும் காட்டாது. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் செயின் முழுமையாக நிற்க வேண்டும். மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தால் ஐடிலை, அதாவது என்ஜின் சும்மா ஓடும் வேகத்தை, சரிசெய்யும் வரை பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, செயினை ஓடவிட்டு, முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் முன்பலகையை மணிக்கட்டால் தள்ளுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் செயின் நிற்க வேண்டும். இதுவே செயின் பிரேக். இது இல்லாத வாளை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

பிறகு பார்முனையை ஓர் அட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து வேகம் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்தால் ஆயில் பம்ப் வேலை செய்கிறது. கோடு விழாத வாள் ஒரு மணி நேரத்தில் பாரைக் கருக்கிவிடும். கடைசியாக, ஸ்டார்ட் செய்வதை நீங்களே, வாளைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் மிதித்து, மூன்று முறை செய்து பாருங்கள். உங்களால் இழுக்க முடியாத கயிறு தோப்பில் உங்களுக்கு உதவாது.

10. முதல் நாள் வரிசை

பெட்ரோலில் ஆயில் கலப்பதில் ஊகம் கூடாது. குறிப்புப் புத்தகம் 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. தனிக் கேனில் கலந்து, குலுக்கி, பிறகு தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடிய வாள் சில நிமிடங்களில் இறுகிவிடும்; இதற்கு எந்தக் கடையும் உத்தரவாதம் தராது.

புதுச் செயின் முதல் மணி நேரத்தில் நீளும். இரண்டு மூன்று மரத்துக்கு ஒருமுறை என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, தொய்வைச் சரிசெய்யுங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும். கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும்.

முதல் நாளில் நிற்கும் மரத்தைத் தொடாமல், கிடக்கும் துண்டுகளை மட்டும் அறுத்துப் பழகுங்கள். இரண்டாம் நாள் தோப்பின் ஓரத்து மரங்களில், விழ இடமிருக்கும் பக்கமாகத் தொடங்குங்கள். நடுவில் தொடங்கினால் மரம் பக்கத்து மரத்தின் கவையில் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். சிக்கிய மரத்தின் அடியில் நின்று, அது சாய்ந்திருக்கும் மரத்தை வெட்டுவது உயிருக்கே ஆபத்து. கயிற்றைக் கட்டி, தூரத்திலிருந்து அடிப்பகுதியை இழுத்து இறக்குங்கள். தோளுக்கு மேல் வாளைத் தூக்கவும், ஏணியில் நின்று வெட்டவும், தனியாகத் தோப்புக்குச் செல்லவும் கூடாது.

11. பருவம் முடிந்ததும் அன்றே மூடி வையுங்கள்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். எட்டு மாதம் தொட்டியில் கிடந்தால் கார்புரேட்டரின் டயாஃப்ரம் விறைத்துப்போகும். அடுத்த மாசியில் வாள் ஸ்டார்ட் ஆகாமைக்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். ஆகவே கடைசி நாள் மாலையிலேயே தொட்டியைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

செயினையும் பாரையும் கழற்றி, பாரின் பள்ளத்தில் அடைந்த தூளை மெல்லிய தகட்டால் வழித்து, இரண்டிலும் ஆயில் தடவித் துணியில் சுற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தரையில் வைக்காமல், நெல் குதிருக்கும் உர மூட்டைக்கும் தள்ளி, காற்றோட்டமான பரணில் வையுங்கள். உரத்தின் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். ஐப்பசி மழைக்கு நடுவில் ஒருமுறை இறக்கி, துணியைப் பிரித்து, துரு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, ஆயில் உலர்ந்திருந்தால் மீண்டும் தடவி வையுங்கள்.